அப்டேட் செய்தால் சீனியாரிட்டி போகுமா?

எங்கள் பிளாக்கின் குடியிருப்போர் நலச்சங்கம் எழில்மதியை ஒவ்வொரு வருடமும் புதிதாக வேலைக்கு எடுக்கும். 2009இல் எடுத்தது. 2010இல் எடுத்தது. அதற்கடுத்த வருடமும் சளைக்காமல் எடுத்தது. அவள் பார்த்துக்கொள்ளும் சங்கத்தின் கம்ப்யூட்டர் அறையில்தான் இண்டர்வியூ நடக்கும். அவள் துடைத்து வைத்த நாற்காலிகளில் கமிட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

"கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?"

"தெரியும்ங்க சார்."

"முன் அனுபவம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"எங்க?"

"இங்கதாங்க சார். இதே ரூம்ல."

கமிட்டி பரம திருப்தியோடு தலையாட்டும். மறுபடியும் பதினோரு மாத ஒப்பந்தம் போடுவார்கள். பதினோராம் மாதம் முடியும்போது, 'என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு விலகுகிறேன்' என்று அவளே கடிதம் டைப் அடித்து, அவளே கையெழுத்துப் போட்டு, செயலாளரிடம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் மாதம் அவள் முத்தாண்டிக்குப்பத்தில் வீட்டில் இருப்பாள், அறை பூட்டிக் கிடக்கும். அப்புறம் மறுபடி விண்ணப்பம், மறுபடி இண்டர்வியூ.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி. மூன்று வருடம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று, சங்கம் ஆரம்பித்த காலத்தில் யாரோ நல்ல மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். நிரந்தரமானால் மற்ற சலுகைகளோடு பேறுகால விடுப்பும் உண்டு. அந்த வரியை நீக்கக் கமிட்டிக்கு மனசு வரவில்லை, அவ்வளவு முற்போக்கானவர்கள். அந்த வரி யாருக்கும் பயன்பட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் இதெல்லாம் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. இங்கே மனிதர்கள் இரண்டு வகை, பெர்மனென்ட், கான்ட்ராக்ட். எழில்மதியின் புருஷன் வளவனும் மைன்ஸ் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவன்தான். அவர்களுடைய மூத்த பெண் இசைப்பிரியா, சரியாக அந்தப் பன்னிரண்டாம் மாதத்தில் பிறந்தாள். கமிட்டியில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பிறக்கும்போதே இவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்ட குழந்தையை நான் பார்த்ததில்லை. சங்கம் அதற்கு ஒரு சால்வை போர்த்தாததுதான் பாக்கி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தெர்மலில், அதாவது அனல்மின் நிலையத்தில், ஷிப்ட் பார்ப்பவன், ரிடயர் ஆக இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவது என் பொழுதுபோக்கு. என் கையெழுத்தைப் படிக்க முடியாததால்தான் அவை பிரசுரமாவதில்லை என்று நம்பி, தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொள்ள அந்த அறைக்குப் போனேன். இப்போது தெளிவாக டைப் அடித்து அனுப்புகிறேன். இப்போதும் பிரசுரமாவதில்லை.

அறையில் இருந்தவை ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாம் என்று கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள். புதிய விண்டோஸைப் போட்டால் மூச்சு வாங்கும். எழில்மதி அவை எல்லாவற்றிலும் லினக்ஸைப் போட்டாள். அது இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். அதற்கு வேண்டிய மென்பொருள்களைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பேக்கேஜ் என்று பேர் வைத்து ஒரே கிடங்கில் அடுக்கி வைத்திருப்பார்கள், பட்டியலைத் திறந்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பெயர்கள், எல்லாம் இங்கிலீஷில். எது மென்பொருள், எது அதற்கு எடுபிடி என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் விளக்கம் என்று ஒன்று இருக்கும். எழுதியவர் தன் நண்பர் ஒருவருக்கு மட்டும் புரிந்தால் போதும் என்ற முடிவோடு எழுதியிருப்பார். எதிர் குவார்ட்டர்ஸ் பொன்னம்மாள் ஒருநாள் பஞ்சாங்கம் வேண்டும் என்று தேடி, வானத்தில் கிரகங்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் விண்வெளி மென்பொருளை இறக்கிவிட்டார். அதில் சனி வளையத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. "பாருங்க, அவர் இன்னும் நம்ம ராசிய விட்டு நகரல" என்று சொல்லிவிட்டுக் கவலையோடு வீட்டுக்குப் போனார்.

2014இல் எழில்மதி இதற்கு ஒரு வழி செய்தாள். அந்தப் பெரிய கிடங்குக்கு முன்னால் சின்னதாக ஒரு முகப்பு எழுதினாள். எடுபிடிகளை எல்லாம் கண்ணில் படாமல் மறைத்தாள். மிச்சம் இருந்த ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதிலாக அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி. 'கடிதம் எழுத.' 'போட்டோவில் முகத்தை வெளுப்பாக்க.' 'பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வைக்க.' ஒன்றுக்கு, 'இதைப் போடாதீங்க, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாள். அறைக்கு வருபவர்கள் எதை அதிகம் பயன்படுத்துகிறார்களோ அது மேலே வரும். பக்கத்தில் 'போடு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வேலை முடிந்தது.

ஒரு மாதம் அறையில் யாரும் யாரையும் கூப்பிட்டு உதவி கேட்கவில்லை. எல்லோரும் அவரவருக்கு வேண்டியதை அவரவரே போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு நன்றாக ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தால் நம் ஊரில் அடுத்து என்ன நடக்கும்? செயலாளர் வந்து பார்த்தார்.

செயலாளர் மருதாசலம் கம்பெனியின் சாமான் கிடங்கான ஸ்டோர்ஸில் அதிகாரி. கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வேலைக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். விதி என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் அவருக்கு மனிதர்கள் மறைந்துவிடுவார்கள். அன்றைக்கு அவர் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தார். 'இதனுடன் கூடவே இன்னும் நாற்பது பேக்கேஜ்கள் வரும்' என்றது திரை. மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஒரு போல்ட் கேட்டா ஒரு லாரி லோடு வருது? யார் இதையெல்லாம் கேட்டு இண்டென்ட் போட்டது?"

"அதுங்க இல்லாம அது ஓடாதுங்க சார். கூட வரணும்."

"ஸ்டோர்ஸ்ல இப்படி நடந்தா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க, தெரியுமா?" என்றவர், பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். "அதென்ன, கேம் மேல இருக்கு, அக்கவுண்ட்ஸ் கீழ இருக்கு? எந்த அடிப்படையில?"

"நம்ம ஜனங்க எத அதிகமா தேடிகினு வராங்களோ அது மேலங்க."

"அது அடிப்படையே இல்லம்மா. பட்டியல்னா ஒரு முறை வேணும்."

முறையைத் தேடிக் கமிட்டி கூடியது. அகர வரிசையில் போடலாம் என்றார் ஒருவர். தமிழ் அகரமா இங்கிலீஷ் அகரமா என்று சண்டை வந்து அது முடியவில்லை. கடைசியில் மருதாசலமே சொன்னார், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுப்பது எதை வைத்து? சீனியாரிட்டியை வைத்து. ப்ரமோஷன்? சீனியாரிட்டி. அப்படியென்றால் மென்பொருளுக்கும் அதுதான். எது முதலில் சேர்ந்ததோ அது மேலே. எல்லோரும் கைதட்டினார்கள். எழில்மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் டீ வந்துவிட்டது.

ஒவ்வொரு பேக்கேஜிலும் ஒரே ஒரு தேதிதான் இருக்கும், அது கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்று. அந்தத் தேதியை வைத்து வரிசைப்படுத்திக் கொடுத்தாள். இதில் ஒரு வேடிக்கை. நல்ல மென்பொருளை நாலு பேர் அடிக்கடி திருத்திப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள், அதன் தேதி புதிதாகவே இருக்கும். எதை யாரும் சீண்டாமல் போட்டு வைத்திருக்கிறார்களோ அதன் தேதிதான் பழசாக இருக்கும். ஆகவே பட்டியலின் உச்சியில் கமிட்டியின் ஆசியோடு வந்து உட்கார்ந்தவை எல்லாம், செய்தவர்களே மறந்துபோன மென்பொருள்கள். முதலிடம் ஒரு கால்குலேட்டருக்கு. அதில் இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமானால் முதலில் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியில் கூட்டல் குறி என்று தலைகீழாகச் சொல்ல வேண்டும். மேலே இருப்பது உசத்தியாகத்தான் இருக்கும் என்று நம் ஜனங்கள் எல்லா மெஷினிலும் அதைப் போட்டுக்கொண்டார்கள். பொன்னம்மாள் பால் கணக்கை அதில் போட்டுப் பார்த்துவிட்டுப் பால்காரரோடு சண்டைக்குப் போனார்.

சில வாரங்களில் வேறு ஒரு வினை வந்தது. இணையதளங்களைத் திறக்க உதவும் உலாவியை எழில்மதி வழக்கம்போல அப்டேட் செய்தாள். தேதி மாறியது. நடுவில் கௌரவமாக இருந்த உலாவி மறுநாள் பட்டியலின் கடைசியில், ஒரு முட்டை உடைக்கும் விளையாட்டுக்கும் கீழே கிடந்தது. மருதாசலம் அதைப் பார்த்துப் பதறிய பதற்றத்தை நான் நேரில் கண்டேன். சொந்த மச்சானை டிமோட் செய்திருந்தால்கூட அவர் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

"எத்தனை வருஷ சர்வீஸ்! நேத்து வந்த கேமுக்குக் கீழயா அவன் நிக்கிறது? அப்டேட்டெல்லாம் நிறுத்தும்மா. எவனோட சீனியாரிட்டியும் நம்மால போகக் கூடாது."

"அப்டேட் பண்ணாம வுட்டா ஒருநாள் எதுவும் தொறக்காதுங்க சார்."

"அத அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அந்த 'அன்னிக்கு' அடுத்த வருடம் மே மாதத்தில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட அறையில் குவிந்திருந்தார்கள். இணையதளம் திறக்கவில்லை. 'உங்கள் உலாவி மிகவும் பழையது' என்று ஒரு வரி மட்டும் வந்தது. பிள்ளைகளை எழில்மதி பஸ் ஏற்றி வடலூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பி வைத்தாள். பெற்றோர்கள் சங்கத்துக்கு வந்தார்கள். அவர்கள் பேசியதை எழுதினால் இதையும் யாரும் பிரசுரிக்க மாட்டார்கள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். உறுப்பினன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். எழில்மதிக்கு அப்போது ஐந்தாவது மாதம். இரண்டாவது குழந்தை. இது அக்காளைப் போலப் பொறுப்பான குழந்தை இல்லை. இடைவெளி மாதத்தைத் தாண்டி, அடுத்த ஒப்பந்தத்துக்குள், செப்டம்பரில் பிறக்கப் போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வருட ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. ஜூலையில் வீட்டில் இருந்துவிட்டு, ஆகஸ்டில் எட்டு மாத வயிற்றோடு இண்டர்வியூவுக்கு வந்து நின்றால் எந்தக் கமிட்டியும் எடுக்காது. எடுத்தாலும் செப்டம்பரில் நிறுத்திவிடும். அவள் உண்டாக்கிய அறைக்கு வேறு யாரோ வந்து உட்கார்வார்கள். இது அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லோரும் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எழில்மதி எழுந்து வழி சொன்னாள். ஒவ்வொரு மென்பொருளும் முதன்முதலில் எப்போது வந்தது என்று தேடி எடுத்துத் தனியாக ஒரு தேதி எழுதி வைத்துவிடலாம். அப்டேட் ஆனாலும் அந்தத் தேதி மாறாது. வரிசையும் கெடாது, இணையதளமும் திறக்கும்.

மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சை நான் எந்த யூனியன் கூட்டத்திலும் கேட்டதில்லை. "புதுப்பித்தல் வேற, புது நியமனம் வேற. நேத்து இருந்தவன்தான் இன்னிக்கும் இருக்கான். அதே வேலையைத்தான் பாக்குறான். பேப்பர்ல ஒரு தேதி மாறினதுக்காக அவனோட பழைய சர்வீஸ் இல்லைன்னு சொல்றது அநியாயம். மனசாட்சி உள்ள எந்த நிர்வாகமும் அதைச் செய்யாது." குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. மென்பொருள்களுக்குப் பணித்தொடர்ச்சி உண்டு என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கைதட்டல் ஓய்ந்ததும் எழில்மதி உட்காரவில்லை.

"சார், அதே தீர்மானத்துல என்னையும் சேத்துகினா நல்லா இருக்குங்க. நானும் நேத்து இருந்தவதான், அதே வேலையத்தான் பாத்துகினு இருக்கேன்."

மருதாசலம் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, உண்மையாகவே அவளுக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற அக்கறைதான் இருந்தது.

"அது சாஃப்ட்வேர்மா. அதுக்கு சர்வீஸ் குடுத்தா அது நாளைக்கு வந்து நம்மகிட்ட எதுவும் கேக்காது. நீ கேப்பே இல்ல?"

நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, சுருக்கமாக இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும். என்னைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்கள். கூட்டம் நன்றியுரையோடு முடிந்தது.

ஜூன் கடைசியில் மருதாசலம் வழக்கமான கடிதத்தை வாங்க அறைக்கு வந்தார். நான் ஒரு மூலையில் ஆசிரியர் ஒருவரைத் திட்டி டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"லெட்டர் ரெடியாம்மா?"

"இந்த வாட்டி நீங்களே அடிச்சிகிங்க சார். நிறுத்துறது நீங்கதான?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவருக்காக யாராவது டைப் அடித்தே பழக்கம், அதுவும் இங்கிலீஷில். ஒற்றை விரலால் தமிழைத் தேட ஆரம்பித்தார். 'எழில்மதி ஆகிய நான்' என்பதற்குள்ளேயே வியர்த்துவிட்டது. "ழ எங்கம்மா இருக்கு?" என்றார். "கீழ் வரிசையில கடைசிங்க" என்றாள் அவள். "சொந்தக் காரணங்களை முன்னிட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். அவள் பக்கத்தில் நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பொறுமையாக ஒவ்வொரு எழுத்தையும் காட்டிக் கொடுத்தாள். தன்னை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தை அடிக்கக் கற்றுக் கொடுத்த ஆசிரியை உலகத்தில் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை. ஓரங்களைச் சரி செய்து, அச்செடுத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா அடிச்சிருக்கீங்க சார். கையெழுத்துப் போடுறதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துகிங்க."

மறுநாள் காலையில் வழக்கமான பஸ்ஸில் வந்து அறையைத் திறந்தாள். ஜூலை முழுக்க வந்தாள். சம்பளம் வரவில்லை, ஆனாலும் வந்தாள். கமிட்டி திணறிப்போனது. அவளை நீக்கலாம் என்றால், நீக்க உத்தரவு போட வேண்டும். உத்தரவு போட்டால் அவள் இதுவரை வேலையில் இருந்ததாக ஒப்புக்கொண்டதாகும். வேலையில் இல்லாதவளை எப்படி நீக்குவது? இரண்டு கூட்டம் போட்டும் விடை கிடைக்கவில்லை. அதற்குள் அவள் மென்பொருள்களுக்கெல்லாம் பிறந்த தேதியைத் தேடி எழுதி முடித்துவிட்டாள். தீர்மானம் தீர்மானம்தானே என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதையும், அவளுக்காகப் பயமும் ஒன்றாக இருந்தன. ஆகஸ்டும் இப்படியே போயிற்று.

செப்டம்பரில் பண்ருட்டி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அறை பூட்டிக் கிடந்தது. சாவி அவள் வீட்டில். சாவியைக் கேட்டு ஆளனுப்பினால் அவள் நம் ஆள் என்று ஆகிவிடுமே என்று கமிட்டி யோசித்தது. பூட்டை உடைக்கலாம் என்றார் ஒருவர். சங்கத்தின் பூட்டைச் சங்கமே உடைக்க விதியில் இடமில்லை என்றார் மருதாசலம். பிள்ளைகள் வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொன்னம்மாள் மகனுக்குப் படம் அனுப்ப முடியவில்லை என்று தினமும் என் வீட்டு வாசலில் நின்று சங்கத்தைச் சபித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் ஸ்கூட்டரோடு என் வீட்டுக்கு வந்தார். "குழந்தையைப் பாத்துட்டு வரலாம், வழி தெரியாது, நீங்களும் வாங்க" என்றார். பையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருந்தன. முத்தாண்டிக்குப்பத்தில் வளவன் எங்களுக்கு நாற்காலி போட்டான். எழில்மதி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மருதாசலம் குழந்தையைக் கொஞ்சினார், வெயிலைப் பற்றிப் பேசினார், டீ குடித்தார். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து கிளம்பும்போது மட்டும் மெதுவாக, "பிள்ளைங்கல்லாம் கேட்டுட்டே இருக்காங்கம்மா. எப்ப வருவே?" என்றார்.

"லீவு முடிஞ்சதும் வந்துருவேங்க சார்."

"லீவு எதுவரைக்கும்மா?"

கேட்டுவிட்டார். வேலையில் இருப்பவருக்குத்தானே லீவு? ஆபீஸில் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு ஊறிப்போன கேள்வி, நினைப்பதற்கு முன்னால் வாயில் வந்துவிட்டது.

"விதியில எவ்ளோ இருக்குதோ அவ்ளோதாங்க சார்" என்றாள் எழில்மதி. "சாவி ஆணியில மாட்டியிருக்குது, எடுத்துகினு போங்க. நான் வர்ற வரிக்கும் யாரையாவது தொறக்கச் சொல்லுங்க."

வளவன் சாவியை எடுத்து வந்து நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியில், டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டியதும் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, இல்ல சார்?" என்றார்.

"கேட்டுட்டீங்களே சார்" என்றேன்.